ஆர்.சி. முடியும் மாதம்

மார்ச் பத்தொன்பதோடு
வண்டிக்குப் பதினைந்து வயது முடிகிறது.
அதற்குமேல் ஓட்ட
அரசாங்கத்தை மறுபடி கேட்க வேண்டும்.

செம்மண்டலம் நிஜாமுதீன் பட்டறையில்
பள்ளத்தின்மேல் நிற்கிறது ஸ்கார்ப்பியோ.
அவர் கீழே. நான் ஸ்டியரிங்கில்.
ஸ்பேனரால் அடித்தட்டைத் தட்டிக்கொண்டே வருகிறார்
டங், டங், டங்,
பிறகு சத்தமே இல்லை.
பிரேக் பக்கத்தில் ஒரு விரல் முளைத்து ஆடுகிறது.
"தெரியறேனாக்கா?"

தெரிகிறது.
துறைமுகத்து ஓரம் வலைக்கடை வைத்தவளுக்கு
உப்புக்காற்றைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம்.
தராசு, ஷட்டர், பூட்டு,
எதையும் அது பல் படாமல் தின்னும்.

கதவின் உள்தகட்டைக் கழற்றியதும்
ஒரு கை வண்டல் கொட்டியது.
கெடிலம். பதினைந்தாம் வருட வெள்ளம்.
"இத்தனை நாளா ஆத்தையும் சேத்து இழுத்திருக்கு,
மைலேஜ் எப்படிக் குடுக்கும்?"
காலண்டர் தாளின் பின்னால் எழுதித் தந்தார்:
டர்போ, இன்ஜெக்டர் நாலு, புஷ் செட்,
தகடு, வெல்டிங், பெயின்ட்.
ஒன்று எண்பத்தேழு.
விற்றால் ஒன்று அறுபது வருமாம்,
அதுவும் வாங்குகிறவன் காலடியைப் பார்க்காதவனாக இருந்தால்.

கலிவரதனுக்குப் புதிதுதான் வேண்டும்.
அவருக்கு ஓட்டத் தெரியாது.
பக்கத்து இருக்கையில் பதினைந்து வருடம்
பிரேக் மிதித்துக்கொண்டே வந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆல்பேட்டை தாண்டி,
கன்னியக்கோயில் தாண்டி,
பாண்டி நூறடி ரோட்டில் அந்தக் கண்ணாடி மாளிகை.
பெர்னதெத் என்று பேட்ஜ் குத்திய பெண்
கதவைச் சாத்திக் காட்டினாள்.
ஊர் நின்றுவிட்டது.
"பேசுங்க மேடம், கேட்டுக்கும்" என்றாள் திரையைக் காட்டி.
எனக்கு அதனிடம் பேச ஒன்றும் தோன்றவில்லை.
"பின்சீட்டைக் கழட்டிடலாமா?
முந்நூறு கிலோ வலை ஏத்தணும்."
அவள் சிரிப்பு
கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

எண்பத்து நாலு மாதம்,
மாதம் இருபத்து மூவாயிரத்து நானூறு.
நான் வேறு கணக்குப் போட்டேன்.
அதற்குள் ஏழு தடைக்காலம்.
தடைக்காலத்தில் கடையிலிருந்து வலை போகும், பணம் வராது.
படகு கடலுக்குப் போனால்தான்
என் காசு கரைக்கு வரும்.
பேங்க்குக்கு அலை கிடையாது, ஐந்தாம் தேதிதான்.

"பாண்டி அட்ரஸ் இருந்தா டாக்ஸ் குறையும் மேடம்.
சொந்தக்காரங்க யாராச்சும்?"
கலிவரதன் யோசித்தார்.
பாகூரில் சித்தப்பா மகன் இருக்கிறான்.
வரப்புத் தகராறு, ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.
மனுசர் அங்கேயே, ஏ.சி. குளிரில்,
வரிக்காக அவனை மன்னிக்கத் தொடங்கியதை
நான் கண்ணால் பார்த்தேன்.

வெளியே வந்தால்
எங்கள் வண்டி கிளம்பவில்லை.
செக்யூரிட்டி ஒரு பக்கம், கலிவரதன் ஒரு பக்கம்,
நடுவில் ஷூவோடு பெர்னதெத்.
மூன்றாவது தள்ளலில் இருமிப் பிடித்துக்கொண்டது.
அத்தனை கண்ணாடியிலும் கறுப்புப் புகை.
மன்னிப்புக் கேட்க நிறுத்தினால்
மறுபடி அணைந்துவிடும்.
கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினேன்.
கண்ணாடியில் பார்த்தேன்,
அவளும் ஆட்டினாள், கை முழுக்க அழுக்கோடு.

கிருமாம்பாக்கம் வரை இருவரும் பேசவில்லை.
காலடி ஓட்டை வழியாக ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை நிஜாமுதீனுக்குப் போன் போட்டேன்.
"எஃப்.சி.க்கு நிக்கிற மாதிரி தகட்டை மட்டும் அடி.
மத்ததெல்லாம் ஜூன் தாண்டட்டும்."
"ஜூன்ல புதுசாக்கா?"
"ஜூன்ல பேசுவோம்."

அதற்குள் கலிவரதன் பாகூருக்குப் பேசியிருந்தார்.
அட்ரஸ் விஷயத்தை எடுக்கவே முடியவில்லையாம்,
அவன் அழுதுவிட்டானாம்.
வரும் ஞாயிறு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறான்.
பழைய வண்டியிலேயே வாங்க,
சத்தம் கேட்டால் தெருமுனைக்கு வந்து நிற்கிறேன்
என்றானாம்.